சிமிட்டிச் சுவர்

மனைவியைப் புதன்கிழமை வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை காலையில் நான் தேனிக் கடைவீதியில் ஓர் இரும்புக்கடைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். சுவரில் துளை போடும் மிஷின் ஒன்று வாங்க வேண்டும். நாற்பத்தொன்பது வயதுவரை எனக்குத் தேவைப்படாத பொருள். ஆணி அடிக்க வேண்டுமென்றால்கூட யாரையாவது கூப்பிட்டுத்தான் பழக்கம். அலுவலகத்தில் கோப்புகளுக்குத் துளை போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

பக்கவாதத்தில் அவளுக்கு வலப்பக்கம் விழுந்துவிட்டது. தோசையைத் திருப்பப் போன கை திருப்பாமல் அப்படியே நின்றது. கருகுகிற வாசனைக்குத்தான் நான் அடுப்படிக்குப் போனேன். அவள் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருத்தியின் கையைப் பார்ப்பதுபோல. அதன் பிறகு ஸ்கேன், கட்டில், குளுக்கோஸ். போன பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. வலது கால் பாதி வந்தது. வலது கை வரவில்லை.

பயிற்சி கொடுத்த அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "வீட்டுல டாய்லெட்டுல ஒரு கைப்பிடி மாட்டிருங்க சார். இடது கைப் பக்கமா மாட்டணும். அதைப் பிடிச்சு அவுகளா எந்திரிக்கட்டும். நீங்க பாவம்னு தூக்கிவிட ஆரம்பிச்சீகன்னா அப்புறம் அவுக எந்திரிக்கவே மாட்டாக."

அவளும் சொன்னாள். அன்றைக்கு அவளுக்கு ஒரு வாக்கியம் முழுதாகச் சொல்வதே பெரிய வேலை. மேலே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லையும் தேடியெடுத்து வைத்தாள். "மாமா, எல்லாம் நீங்க செய்ங்க. சோறு ஊட்டுங்க. தலை சீவிவிடுங்க. அங்கன மட்டும் வராதீக."

அங்கன என்றால் எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் அவளைத் தாங்கிப் பிடித்து உட்கார வைத்து எழுப்பினவன் நான். ஒவ்வொரு தடவையும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அந்தக் கண்ணைத் திறக்க வைக்க ஒரு கைப்பிடி போதும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு முழ நீளம், எவர்சில்வர், இரண்டு முனையிலும் வட்டத் தகடு, தகட்டுக்கு மூன்று துளை. ஆக ஆறு துளை. உலகத்தில் அப்போது எனக்கு வேண்டியிருந்தது ஆறு துளைகள்தான்.

இதற்கெல்லாம் ஆள் இருக்கத்தான் செய்கிறது. என் மச்சினன், அவளுடைய தம்பி, பிளம்பிங், வயரிங், டைல்ஸ் எல்லாம் செய்வான். ஆனால் வாரம் முழுக்க அவன் மலைக்கு மேலே, கேரளாவில். ஞாயிற்றுக்கிழமைதான் இறங்கி வருவான். போனில் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழமை வந்து மாட்டிப்புடுறேன் மச்சான். எங்க ஓடிப்போகப் போகுது சுவரு."

"அவ புதன்கிழமை வாராளே மாப்ளே."

"நாலு நாளுதான. அதுவரைக்கும் சமாளிங்க. நீங்க எதையும் தொட்டு வச்சிராதீக."

கடைசி வாக்கியத்தை அவன் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்கு அது தைத்தது. நாலு நாள் அவள் கண்ணை மூடிக்கொள்வதைப் பார்க்க என்னால் முடியாது என்பது ஒரு காரணம். ஆனால் மச்சினன் அப்படிச் சொன்னதும் ஒரு காரணம். இரண்டில் எது பெரியது என்று அப்புறம் எத்தனையோ தடவை நிறுத்துப் பார்த்துவிட்டேன். சில நாள் இது பெரிதாக இருக்கிறது. சில நாள் அது.

கடைக்குள் போனேன். கல்லாவில் இருந்த அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"டிரில்லிங் மிஷினா? என்ன வேலைக்கு அண்ணே?"

"வீட்டு வேலைக்குத்தான்."

"வீட்டு வேலைன்னா? ஸ்க்ரூ முடுக்கவா, பலகையில போடவா, சுவருலயா?"

"சுவருல. ஒரு கைப்பிடி மாட்டணும்."

"என்ன சுவரு?"

நான் யோசிக்கவே இல்லை. "சிமிட்டிச் சுவருதான் அண்ணாச்சி," என்றேன்.

எங்கள் பக்கம் சுவர் இரண்டே வகை. மண்சுவர், சிமிட்டிச் சுவர். பெண் கொடுக்க வருகிறவர்களும் அப்படித்தான் கேட்பார்கள், வீட்டு வரி போட வருகிறவர்களும் அப்படித்தான் எழுதிக்கொள்வார்கள். மேலே சிமெண்ட் பூசியாயிற்று என்றால் அது சிமிட்டிச் சுவர். உள்ளே என்ன இருக்கிறதென்று யாரும் கேட்பதில்லை. அண்ணாச்சியும் கேட்கவில்லை. அவரும் இந்தப் பள்ளத்தாக்குக்காரர்தான்.

அவர் மூன்று மிஷின்களை மேஜைமேல் வைத்தார். முதலாவது பேட்டரியில் ஓடுவது. "இது சார்ஜ் போடுறது. கைக்கு அடக்கமா இருக்கும். கட்டிலு, பீரோவு, சன்னல் திரை, அதுக்கெல்லாம் ராசா மாதிரி வேலை பாக்கும். சுவருல வச்சீகன்னா அழுதுரும்." இரண்டாவது வயர் வைத்தது. அதன் தலையில் ஒரு திருகு. ஒரு பக்கம் துளைக்கிற பிட்டின் படம், மறுபக்கம் சிறிய சுத்தியல் படம். "இது உங்களுக்குத் தோதானது. மரத்துக்கு இங்கன திருப்பிக்கிருங்க, சுவருக்கு அங்கன. ஹேமர் இருக்கு."

"ஹேமர் இருக்கா," என்று நான் அந்தச் சொல்லை வாங்கிக்கொண்டேன்.

மூன்றாவதைத் தூக்கிப் பார்த்தேன். நீளமாக, பின்புறம் கனமாக, கோபக்காரன் மாதிரி இருந்தது. பக்கத்தில் பைப் வாங்க வந்திருந்த காண்ட்ராக்டர் ஒருவர் என் கையைப் பார்த்தார்.

"சாருக்கு ஆபீஸ் வேலையா?"

"ஆமா."

"மிஷின் உங்களத் தூக்கிக்கிட்டுப் போயிராம பாத்துக்கிருங்க."

அண்ணாச்சியும் சிரித்தார். நானும் சிரித்தேன். "அது ரெண்டு கிலோ மிஷினு. அடிக்கிறவுகளுக்கு. கல்லு, காங்க்ரீட்டு, பாலம் வேலை," என்று அண்ணாச்சி அதைத் திரும்ப அலமாரிக்கு எடுத்துக்கொண்டு போனார். "உங்களுக்கு எதுக்குண்ணே அது. ஒரு கைப்பிடிக்கு."

கல்லு என்றுதான் சொன்னார். என் காதில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே கிடந்தது.

கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் மாறி காமயகவுண்டன்பட்டிக்கு வரும்போது பெட்டி என் மடியில் இருந்தது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம். பந்தலைத் தாங்கி வரிசை வரிசையாகக் கல்தூண்கள். எங்கள் ஊரில் கொடி படர்வதே கல்லைப் பிடித்துத்தான். அவற்றைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கல்லைப் பற்றி ஒரு வார்த்தை மனதில் வரவில்லை. சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

எங்கள் குளியலறை, வீட்டின் பின்சுவரை ஒட்டிப் பிற்பாடு கட்டியது. மூன்று சுவர் புதிது, செங்கல். நாலாவது பழைய வீட்டின் பின்சுவரேதான். நாலுக்கும் ஒரே பூச்சு, ஒரே வெள்ளை. உள்ளே நிற்கிறவனுக்கு எது பழையது எது புதியது என்று கண்ணுக்குத் தெரியாது. வெஸ்டர்ன் டாய்லெட்டில் உட்கார்ந்தால் வலப்பக்கம் புதுச்சுவர். இடப்பக்கம் பழைய சுவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் முதலில் வலப்பக்கச் சுவரில்தான் சோதித்துப் பார்த்தேன். மாட்ட வேண்டிய இடத்தில் முதல் துளையைக் கோணலாகப் போட்டுவிடக் கூடாதே என்று. சுத்தியல் படத்துக்குத் திருப்பி, இரண்டு கையாலும் அழுத்தினேன். வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. சிவப்பாகப் பொடி கொட்டியது, மிளகாய்த்தூள் மாதிரி. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா, இதற்கா இத்தனை ஆண்டு ஆள் தேடினேன் என்று இன்னொரு துளை போட்டேன், தேவையே இல்லாமல். அதற்குள் பிளாஸ்டிக் பிளக்கைச் செருகித் திருகாணியை முடுக்கி இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அவளுடைய செத்த கைப் பக்கம் எல்லாம் சரியாக இருந்தது.

பிறகு இடப்பக்கம் திரும்பினேன்.

முதல் அரை அங்குலம் சாம்பல் நிறப் பொடி. அதோடு நின்றது. மிஷின் கத்தியதே தவிர உள்ளே போகவில்லை. பிட்டின் முனை சிவந்து, எரிந்த வாசனை வந்தது. முகப்பவுடர் மாதிரிக் கொஞ்சம் வெள்ளைப் பொடி, ஊதினால் பறந்துவிடும் அளவுக்கு. இடம் மாற்றி இன்னொன்று. அதுவும் அப்படியே. மூன்றாவது திடீரென்று முழுக்க உள்ளே போய்விட்டது. ஆனால் பிளக்கை வைத்தால் புளித்த மாவில் விரல் விட்டதுபோல் சுழன்றது. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த மண்ணில் இறங்கியிருக்கிறது. நண்பகலுக்குள் ஆறு துளை ஆயிற்று. நாலு, கல்லை முட்டி நின்றவை. இரண்டு, மண்ணுக்குள் போனவை.

அது எனக்குத் தெரியாத சுவரா? குளியலறை கட்டும்போது அந்தக் கருங்கல் சுவரில் பூச்சு பிடிக்க வேண்டுமென்று கொத்தனார் சிமெண்ட் பாலை வாளி வாளியாக விசிறியடித்தார். தண்ணீர்க் குழாயைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் நான். "கல்லு முறைச்சுக்கிட்டு இருக்குங்க, குளுப்பாட்டுங்க," என்று அவர் சொன்னது அன்றைக்கு நினைவு வந்தது, ஆறு துளையும் போட்ட பிறகு. அப்போதும் நிறுத்தியிருக்கலாம். புதன் போய் வியாழன், வெள்ளி, சனி. நாலே நாள்.

நிறுத்தவில்லை. ரம்பத்தால் திருகாணிகளை அறுத்துக் குட்டையாக்கினேன். துளைகளில் பசையைக் குழைத்து அடைத்தேன். மண் துளையில் தீக்குச்சிகளைச் செருகினேன். வெள்ளைச் சிமெண்ட் வைத்து மேலே மெழுகினேன். எழுதத் தெரிந்தவன் செய்கிற வேலை இது: ஆழம் இல்லாத இடத்தை மெழுகிவிடுவது. மறுநாள் காலை கைப்பிடியைப் பிடித்துக் கால் இரண்டையும் மடக்கித் தொங்கிப் பார்த்தேன். எழுபது கிலோவுக்கு மேல் இருப்பேன். தாங்கியது.

மச்சினனிடம் போனில் சொன்னேன். "மாட்டிட்டேன் மாப்ளே."

"யாரு, நீங்களா? அந்தச் சுவருலயா?" உண்மையிலேயே ஆச்சரியப்பட்டான். "எதுல போட்டீக?"

"ஹேமர்லதான்."

"ஹேமர் கிடைச்சிருச்சா. அப்பச் சரி. நான்கூட என்னமோன்னு பாத்தேன்."

என் ஹேமர், சுத்தியல் படம் போட்ட ஒரு திருகு. அவனுடைய ஹேமர், கல்லைக் குத்துகிற ரெண்டு கிலோ மிஷின். இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லிவிட்டு, நிம்மதியாகப் போனை வைத்தோம்.

புதன்கிழமை மதியம் அவள் வந்தாள். கைத்தடியும் என் தோளுமாகக் குளியலறை வாசல்வரை நடந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு மாட்டுனது?"

"நான்தான்."

வாய் கோணினாலும் சிரிப்பு சிரிப்பாகத்தான் இருந்தது. "ஆத்தா. தாங்குமா?"

"நான் தொங்கிப் பாத்துட்டேன்."

"நீங்க தொங்குனத ஊருக்குள்ள யாரும் பாக்கலையே?"

கதவைச் சாத்திக்கொண்டாள். தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் ஒப்பந்தம். நான் வெளியே நின்றேன். உள்ளே சத்தமே இல்லை. பிறகு கைப்பிடியின் சின்னக் கிறீச்சு, மூச்சு, தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவைத் தள்ளிக்கொண்டு அவளே வந்தாள். முகம் கழுவியிருந்தாள். கண் திறந்திருந்தது. பதினெட்டு நாளைக்கு அப்புறம் பார்க்கிறேன், என்னை நேராகப் பார்க்கிற அந்தக் கண்ணை.

"பிடிச்சிருக்கு," என்றாள். அவள் சொன்னது கைப்பிடியையா, அது சுவரைப் பிடித்திருப்பதையா, வேறு எதையாவதா, தெரியவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

அந்தக் கிறீச்சு எனக்குக் கேட்டது. வியாழக்கிழமை கேட்டது. வெள்ளிக்கிழமை கொஞ்சம் கூடுதலாகக் கேட்டது. எண்ணெய் விட்டால் சரியாகும் என்பதுபோல மனதை அடக்கிக்கொண்டேன். கதவில்லை அது, எண்ணெய் விட. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தால் ஒருதரம் பார்க்கச் சொல்லலாம் என்று இருந்தேன். அவளிடம் மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மறுபடியும் கண்ணை மூடிக்கொள்வாள்.

சனிக்கிழமை காலை, ஏழரை மணி இருக்கும். நான் கதவுக்கு வெளியே செய்தித்தாளோடு நின்றேன். டக் என்று ஒரு சத்தம். அதற்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே இருந்த நேரத்தில்தான் நான் இன்னும் வாழ்ந்துகொண்டிருக்கிறேன். பிறகு வாளி உருண்டது. அவள் கத்தவில்லை.

உள்ளே போனேன். தரையில் இடப்பக்கமாகக் கிடந்தாள். உடம்பு முழுக்க அந்தக் கையின் மேல். கைப்பிடியை விடவில்லை, முனையில் தகடும் குட்டைத் திருகாணிகளும் பூச்சுத் துண்டுமாக அது அவள் பிடிக்குள்ளேயே இருந்தது. சுவரில் நாலு இடத்தில் நகக்கண் ஆழத்துக்குக் கல் தெரிந்தது.

"மாமா," என்றாள். "இது கையோட வந்திருச்சு."

நான் கீழ்நோக்கித் தொங்கிப் பார்த்திருந்தேன். உட்கார்ந்திருப்பவள் எழும்போது கீழ்நோக்கித் தொங்க மாட்டாள். தன் பக்கமாக இழுப்பாள். அது எனக்கு அதுவரை தெரியவில்லை.

மணிக்கட்டில் இரண்டு எலும்பும் போயிருந்தது. இடது மணிக்கட்டு. இருந்த ஒரு கை. அதே ஆஸ்பத்திரி, அதே பயிற்சி அம்மா. முழங்கைவரை மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வந்தான். அக்காவின் கட்டிலருகே கொஞ்ச நேரம் நின்றான். "ஏலே, சாப்பிட்டியா," என்று அவள்தான் கேட்டாள். பிறகு குளியலறைக்கு வந்து விரல்முட்டியால் சுவரைத் தட்டினான்.

"மச்சான், இது கல்லாச்சே."

"ம்."

"நீங்க ஹேமர்னு சொன்னீக."

பெட்டியைக் கொண்டுவந்து திறந்து, சுத்தியல் படத்தைக் காட்டினேன். அவன் அதை வெகுநேரம் பார்த்தான். கேலி செய்வான் என்று காத்திருந்தேன். செய்திருந்தால் தேவலாம்.

"இதும் ஹேமர்தான் மச்சான். இது நடுங்கும். அது குத்தும்," என்றான் மெதுவாக. "கல்லு நடுக்கத்துக்கெல்லாம் இறங்காது."

அவன் தன் ரெண்டு கிலோ மிஷினைக் கொண்டுவந்திருந்தான். இடி இடித்ததுபோல வீடு அதிர்ந்தது. புதிய ஆறு துளை. ஒவ்வொன்றிலும் விரல் நீளத்துக்கு ஆங்கர் போல்ட். முடுக்கியபின் சுவரில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு, தன் பக்கமாக, முழு பலத்தோடு இழுத்தான். "மதி," என்றான். மலைக்கு மேல் பழகிய வார்த்தை. போதும் என்று அர்த்தம். நான் போட்டு வைத்த காப்பியில் ஆடைகூடப் படியவில்லை.

அறையிலிருந்து அவள் குரல் வந்தது. "முடிஞ்சிருச்சா?"

"முடிஞ்சிருச்சுக்கா."

பிறகு, "இம்புட்டு நேரந்தானா," என்றாள்.

அவள் என்னைக் குற்றம் சொன்னது அந்த ஒரு தடவைதான். அதையும் குற்றமாகச் சொல்லவில்லை.

இப்போது எனக்கு எல்லாம் தெரியும். மிஷின் வாங்கப் போகிறவன் முதலில் தன் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போக வேண்டும். ஒரு மெல்லிய பிட்டால் மூலையில் துளைத்துப் பொடியின் நிறத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பென்றால் செங்கல், சாம்பலென்றால் பூச்சோ காங்க்ரீட்டோ, பொடியே வராமல் வாசனை வந்தால் கல். பலகைக்கும் பீரோவுக்கும் பேட்டரி மிஷின். செங்கல்லுக்கு வயர் வைத்தது. கல்லுக்கு, தன் கை மிருதுவானது என்று வெட்கப்படாமல், ரெண்டு கிலோ மிஷின். அல்லது அது வைத்திருக்கிறவன் வரும்வரை நாலு நாள். தெருவில் யாராவது புதுவீடு கட்டினால் என்னிடம்தான் கேட்கிறார்கள். சொல்கிறேன். என் மிஷினையும் இரவல் வாங்கிப் போகிறார்கள். சாமி படம், அலமாரி, சன்னல் திரை. திருப்பிக் கொடுக்கும்போது நல்ல மிஷினுங்க என்கிறார்கள். நல்ல மிஷின்தான். அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கட்டுப் பிரித்து ஒன்பது மாதமாகிறது. எலும்பு சேர்ந்துவிட்டது, விரல்தான் இறுகிவிட்டது என்கிறார்கள். ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலையில் அதை அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிடுகிறேன். நான் விட்டதும் அவை மெல்ல விரிகின்றன. பந்து கட்டிலுக்கடியில் உருண்டு போகிறது.

"வருதா?" என்று கேட்பேன்.

"வரல," என்பாள்.

அதன் பிறகு அவளை நாற்காலியில் வைத்து அங்கன கொண்டுபோகிறேன். தூக்கி உட்கார வைக்கிறேன். தூக்கி எழுப்புகிறேன். அவள் கண்ணை மூடிக்கொள்கிறாள். கைப்பிடி அவள் தோளுக்குப் பக்கத்தில் ஈரம் படாமல் மின்னிக்கொண்டிருக்கிறது. அவளைக் கட்டிலில் விட்டுவிட்டு, அறையைக் கழுவத் திரும்பி வருவேன். கழுவுவதற்கு முன்னால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து, சுவரில் காலை ஊன்றி, என் பக்கமாக இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாளும் விட்டதில்லை. இன்றைக்குக் காலையில் நான் முக்குகிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிட்டது போலிருக்கிறது.

"மாமா," என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டாள். "வருதா?"

"வரல," என்றேன்.